நான் கழுவிவிட்ட ஆறு

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேசைக்குப் பின்னால் அலமாரியில் இருக்கும் மூன்று நீலக் கோப்புகளும் நான் எழுதியவை. தண்ணீர் மாதிரி எடுப்பது எப்படி, எடுத்ததைச் சோதிப்பது எப்படி, சோதித்ததைக் கொட்டுவது எப்படி, கொட்டியதைப் பதிவது எப்படி என்று எல்லாவற்றுக்கும் அதில் நடைமுறை உண்டு. கை கழுவுவதற்கே ஒன்றரைப் பக்கம். நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, அந்தக் கோப்புகளைப் பற்றி மூன்று பேர் புகழ்ந்து பேசினார்கள். மூவரும் அவற்றைத் திறந்ததே இல்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

நிர்வாகம் என்னிடம் கேட்டது, புதியவர்களுக்குப் பயன்படும்படி என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி. பயன்படுமா என்று தெரியாது. ஆனால் ஒரு நாளைப் பற்றி எழுத எனக்குக் கை பரபரக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் சாயத் தண்ணீரோடு காலம் தள்ளியிருக்கிறேன். ஆய்வுக்கு அதிகாரிகள் திடீரென்று வந்து நின்ற நாட்கள் உண்டு. குழாய் வெடித்த நாட்கள் உண்டு. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நெஞ்சு அடித்துக்கொண்ட மாதிரி வேறு எப்போதும் அடித்ததில்லை. நான் பெரிய தவறு செய்ததும் அன்றுதான், எனக்கு இந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்துகொண்டதும் அன்றுதான். அது ஒரு ஓவியக் கண்காட்சி நாள்.

நான் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. நம் சாயக்கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், இயந்திரங்களை விற்றுவிட்டு வெறுமனே கிடந்ததே பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் ஷெட், அதில் எட்டுக் கலைஞர்கள் சேர்ந்து கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார்கள். பொருள்: நீர், ஊடகமாகவும் உருவகமாகவும். நிர்வாகக் குழுவில் இருந்தவர்களுக்கு உற்சாகம். சாயத் தண்ணீர் என்றாலே முகம் சுளிக்கிற ஊர், ஒரு தடவையாவது தண்ணீரைப் பார்க்க வரிசையில் நிற்கட்டுமே என்று நினைத்தார்கள். எல்லா நடைமுறையும் தெரிந்தவர் என்பதால் ஒருங்கிணைப்பை என் தலையில் கட்டினார்கள். முதல் கூட்டத்தில், "உருவகத்துக்கு டி.டி.எஸ். எவ்வளவு இருக்கலாம்?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைத்தான் கேட்கிறேன் என்று விளக்கினேன். அதற்கும் சிரிக்கவில்லை.

உடனே ஒரு படிவம் தயாரித்தேன். ஒவ்வொரு கலைஞருக்கும் எவ்வளவு தண்ணீர் வேண்டும், எந்தத் தண்ணீர் வேண்டும்: குடிநீர், போர்வெல் தண்ணீர், நாம் சுத்தம் செய்து கொடுக்கும் ஆர்.ஓ. தண்ணீர். மூன்று கட்டங்கள், ஏதாவது ஒன்றில் டிக் செய்ய வேண்டும். ஏழு பேர் ஒழுங்காக டிக் செய்தார்கள். ஒருவர் சாயத்தை ஐஸ் கட்டியாக உறைய வைத்துக் கரையவிடப்போகிறார். ஒருவர் நூறு பிளாஸ்டிக் குடங்களைத் தொங்கவிடப்போகிறார். எட்டாவது படிவத்தில் மூன்று கட்டமும் காலி. ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவில், "தண்ணி நானே கொண்டு வர்றேன். ரேவதி" என்று எழுதியிருந்தது. அலட்சியமான பெண் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

ரேவதிக்கு சேவூர். அங்கிருந்து தினம் பஸ்ஸில் வந்து ஒரு பிரின்டிங் யூனிட்டில் பனியனுக்கு அச்சடிக்கும் ஸ்கிரீன் தயார் செய்கிறாள். எட்டுப் பேரில் ஓவியக் கல்லூரிப் படி ஏறாதவள் அவள் ஒருத்திதான். கண்காட்சியை ஏற்பாடு செய்த தினேஷ், உடுமலைப்பேட்டைக்காரன், டிசைன் படித்தவன், அவளைச் சேர்ப்பதற்கு மற்றவர்களிடம் நிறையப் பேச வேண்டியிருந்ததாம். திறப்பு விழா அன்று சென்னையிலிருந்து ஒரு அம்மையார் வந்து, எட்டில் மூன்றை மட்டும் அங்கே நடக்கப்போகும் பெரிய கண்காட்சிக்குத் தேர்ந்தெடுப்பார். மற்றவர்களுக்கு அது இன்னொரு வாய்ப்பு. ரேவதிக்கு அப்படியில்லை. "இது அமைஞ்சா தொடர்ந்து பண்ணலாமுங்க. இல்லீன்னா ஸ்கிரீனே கதி, கலை கிலைன்னு இனி லீவு கேக்காதேன்னு எங்க மொதலாளி சொல்லிட்டாருங்க" என்று அவள் தினேஷிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

அவள் செய்தது இது. ஷேடு மாறியதால் ஒதுக்கிவிட்ட கறுப்புப் பனியன் துணி, இருபத்தைந்து அடி நீளம். அதைப் பக்கவாட்டில் கம்பியில் தொங்கவிட்டு, இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை வரை தடித்த பருத்தி நூலால் நொய்யல் ஆற்றைத் தைத்திருந்தாள். வெள்ளியங்கிரி மலையில் தொடங்கி, பேரூர், சூலூர், மங்கலம், திருப்பூர், ஒரத்துப்பாளையம் கடந்து காவிரியில் சேருகிற வரை. மேலே ஒரு டிரம். அதிலிருந்து ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப்கள் வழியாக நூலின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பன்னிரண்டு நாள் சொட்டியது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவள் எழுதிக் கொடுத்த இரண்டு பக்க விளக்கத்தை நான் படிக்கவில்லை. அதில் எண் எதுவும் இல்லை. எண் இல்லாத பக்கத்தைப் படிக்கும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது.

திறப்பு விழா அன்று காலை ஏழரைக்கே ஷெட்டுக்குப் போய்விட்டேன். கைப்பையில் எப்போதும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும்; மற்றப் பெண்கள் சீப்பு வைத்திருப்பதுபோல. ஒவ்வொரு பாத்திரத்திலும் மீட்டரை நனைத்து, படிவத்தோடு ஒப்பிட்டு, கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். ரேவதியின் டிரம்மில் நனைத்ததும் மீட்டர் அளவு தாண்டிப் போனது. நிமிர்ந்து துணியைப் பார்த்தேன். நூல் நெடுக வெள்ளைப் படிவு.

இங்கே என்னைப் புரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கும் இது வரும். வெள்ளைப் படிவைப் பார்த்தால் நம் தொழிலில் ஒரே எண்ணம்தான்: எங்கோ கோளாறு. குழாயில் படிந்தால் அடைப்பு, பாய்லரில் படிந்தால் ஆபத்து, ஆர்.ஓ. சவ்வில் படிந்தால் மேனேஜருக்குத் தூக்கம் போச்சு. பாவம், பெண்ணை யாரோ தப்பான தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். டிரம்மைக் காலி செய்து, நன்றாக அலம்பி, நம் ஆர்.ஓ. தண்ணீரை நிரப்பினேன். ஊரிலேயே சுத்தமான தண்ணீர். டியூப்களைக்கூட முழுசாகத் திறந்துவிட்டேன், படிவு சீக்கிரம் போகட்டும் என்று. படிவத்தில் 'திருத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கம்பியிலேயே மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ ரொம்ப ருசியாக இருந்தது.

ஒன்பதரைக்கு ரேவதி வந்தாள். துணியைப் பார்த்தாள். டிபன் பையைத் தரையில் வைத்தாள். கறுப்புத் துணி கறுப்பாகவே தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாள் தரையில் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

"யாருங்க தண்ணிய மாத்துனது?"

தினேஷ் ஓடி வந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, துப்புரவு செய்யும் சரசுவைப் பிடித்துக்கொண்டான். "ஏனுங்கக்கா, காலையில இங்க கூட்டுனது நீங்கதானே? டிரம்மைத் தொட்டீங்களா?"

"நா எதுக்குங்க தம்பி அதத் தொடறேன்?" சரசுவுக்குக் குரல் ஏறியது. "எதத் தொட்டாலும் கலைங்கறீங்க. குப்பைக்கூடையக்கூட இதும் படமான்னு கேட்டுப்போட்டுத்தான் எடுத்தனுங்க."

எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. சரசுவின் முகத்தையும் கம்பியில் தொங்கிய என் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அடுத்து நான் செய்ததை நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதி நேர்மை, பாதி அந்தக் கையெழுத்து.

"நான்தான் கண்ணு மாத்துனேன்" என்றேன்.

"நீங்களா மேடம்? ஏனுங்க?"

"உப்பு ரொம்ப அதிகமா இருந்துச்சு."

"உப்புதானுங்க மேடம் படம்."

மூன்று நீலக் கோப்புகளையும் தலையில் போட்டதுபோல இருந்தது. பக்கத்துச் சாயப்பட்டறையில் கெஞ்சி, சுத்திகரிப்பில் மிஞ்சிய உப்புத் தண்ணீரைக் கேனில் வாங்கிவந்து, அது நூலில் ஊறிக் காய்ந்து ஆறாக வளரட்டும் என்று பன்னிரண்டு நாள் காத்திருந்தாள். நான் அதை இரண்டு மணி நேரத்தில் குடிக்கத் தக்கதாக்கிவிட்டேன். என் படிவத்தில் நல்ல தண்ணீருக்கு மூன்று கட்டம் இருந்தது, அவளுடைய தண்ணீருக்குக் கட்டமே இல்லை. ஒரு தண்ணீரைச் சரிசெய்வதற்கு முன், அது எதற்காக அங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். இதைக் கோப்பில் எங்கேயும் நான் எழுதவில்லை. நீங்கள் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மணி பார்த்தாள். "சென்னைல இருந்து அவிய எத்தன மணிக்குங்க வர்றாங்க?"

"பன்னெண்டரை" என்றான் தினேஷ். "மத்ததெல்லாம் பாத்துட்டு இங்க வர ஒண்ணேகால் ஆகும். ரெண்டரைக்கெல்லாம் கிளம்பிருவாங்க, கோயமுத்தூர்ல ஃபிளைட்டு. ஆனா பன்னெண்டு நாள் வேலைய..."

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. "கண்ணு, நீ கொண்டுவந்தது வெறும் ரிஜெக்ட் தண்ணி. எங்க எவாப்பரேட்டர்ல அதையே சுண்டக் காய்ச்சுன கரைசல் இருக்குது. உப்பு பல மடங்கு."

"சூடா இருக்குமுங்களா?"

"கை வெக்க முடியாது. ஆறுனா உப்பு ஊசி ஊசியா நின்னுக்கும். குழாய் அடைச்சுக்கும். அது அடைக்காம பாத்துக்கறதுக்குன்னே ஷிப்டுக்கு ரெண்டு பேரு இருக்காங்க."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அடைக்கட்டுமுங்க மேடம். எனக்கு அதானுங்க வேணும்."

இத்தனை வருடம் நாம் விரட்டிக்கொண்டிருந்த தொல்லையை ஒருத்தி இரண்டு கையும் நீட்டிக் கேட்கிறாள்! சாலையைக் கடந்து ஓடினேன். ஆமாம், ஓடினேன், ஐம்பத்தேழு வயதில், சேலையில். எவாப்பரேட்டர் ஆபரேட்டர் பழனிசாமியிடம் போனிலேயே இரண்டு வாளி கேட்டேன். அவர் வாளியோடு நிலையத்தின் வாசலுக்கு வந்தார். வாட்ச்மேன் குறுக்கே நின்றார். சிவகங்கைப் பக்கத்து மனிதர், நெற்றி நிறைய விபூதி.

"வெளிய போகாது மேடம்."

"நான்தானே கேக்கறேன்?"

"நீங்கதானே மேடம் எழுதி ஒட்டியிருக்கீக? உள்ள இருந்து ஒரு சொட்டு உப்புத் தண்ணி வெளிய போகப்படாது, யாரு கேட்டாலும், நானே கேட்டாலும்னு. 'நானே கேட்டாலும்'ங்கறதுக்குக் கீழ கோடு வேற போட்டிருக்கீக."

கோடு நேராகவும் இருந்தது. அந்த மனிதரை அப்போது கழுத்தை நெரிக்கலாம் போலவும், கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது. அந்த விதி சும்மா வந்ததல்ல. ஆற்றில் எதையும் விடமாட்டோம் என்று ஊருக்குக் கொடுத்த வாக்கு அது. அதை நான் உடைத்தால், நாளைக்கு வேறு எவனும் உடைப்பான். இரண்டு வாளிதானே என்றுதான் எல்லாம் ஆரம்பிக்கும்.

விதியை உடைக்கக் கூடாது, படிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் வெளியே போகக் கூடாது. துணி உள்ளே வரக் கூடாது என்று எங்கேயும் இல்லை!

"ரேவதி!" என்று சாலையின் இந்தப் பக்கத்திலிருந்தே கத்தினேன். "படத்த இங்க கொண்டு வா!"

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வெளியாட்களை உள்ளே விட நிலைய மேனேஜர் அனுமதி வேண்டும். அவர் குடும்பத்தோடு பழனிக்குப் போயிருந்தார். அவர் இல்லாதபோது அந்த அதிகாரம் ஆய்வகத் தலைவருக்கு. எனவே ஆய்வகத் தலைவரான நான் விண்ணப்பித்தேன், பொறுப்பு மேனேஜரான நான் பரிசீலித்தேன், ஒப்புதல் அளித்தேன். இதை நீங்கள் செய்யாதீர்கள். அதே பக்கத்தில் நடந்ததை முழுக்க எழுதி, திங்கட்கிழமை காலையில் மேனேஜர் மேசையில் வைத்தேன். அதை மட்டும் செய்யுங்கள். வாட்ச்மேன் பதிவேட்டில், 'ஆறு, துணியாலானது, ஒன்று' என்று எழுதி உள்ளே விட்டார்.

உப்பைக் கொட்டி வைக்கிற ஷெட்டைத் தேர்ந்தெடுத்தது ரேவதிதான். மேலே கூரை, நாலு பக்கமும் திறப்பு, உப்பு உலர்த்தும் பெரிய ஃபேன்கள். "காத்து வேணுமுங்க. ஸ்கிரீன் காய வெக்கறதும் இப்படித்தான்" என்றாள். துணி சொட்டச் சொட்ட இருந்தது. பழனிசாமி அதைப் பிழியப் போனார்.

"அய்யோ, முறுக்காதீங்கண்ணா! பனியன் துணி கோணிக்கும், ஆறு பொள்ளாச்சிக்குப் போயிரும்!"

காய்ந்த வேஸ்ட் துணியை விரித்து, அதன் மேல் ஆற்றைப் பரப்பி, பாயைப்போல இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, ஏறி நடந்தாள். தண்ணீரை வேஸ்ட் துணி குடித்துக்கொண்டது. பத்தரைக்கு ஆறு கம்பியில் ஏறியது. எல்லோருக்கும் கையுறை, கண்ணாடி, ஹெல்மெட் மாட்டிவிட்டேன். அவை இல்லாமல் ஒரு சொட்டுத் தரமாட்டேன் என்பதில் மட்டும் அன்றும் நான் நானாகவே இருந்தேன்.

கொதிக்கக் கொதிக்கக் கரைசல் டிரம்மில் ஏறியது. டியூபில் இறங்கியது. நான்கு நிமிடம். நின்றுவிட்டது. டியூபுக்குள்ளேயே உப்பு உறைந்து கல்லாகிவிட்டது. தட்டினோம், வெந்நீர் விட்டோம், மாற்று டியூப் போட்டோம். அதுவும் நான்கு நிமிடம். மணி பதினொன்றரை. எதிர்ப்பக்க ஷெட்டில் மைக் சத்தம். திறப்பு விழா தொடங்கிவிட்டது. ரேவதி வாளியையும் டியூபையும் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. காலையில் ஒரு தடவை உதவி செய்தது போதும் என்றிருந்தது.

"உங்க கேன்டீன்ல டீ எதுலீங்க வருது?" என்று கேட்டாள்.

டீ கேன்! நாள் முழுக்க டீயைச் சூடாக வைத்திருக்குமே, அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் கேன். பழனிசாமி அதைத் தூக்கிவந்து டீயை ஒரு வாளியில் கவிழ்த்துவிட்டு, கழுவி, கரைசலை நிரப்பினார். "சாயங்காலம் ஷிப்டுக்கு வர்றவன் உப்பு டீ குடிக்கப்போறான்" என்றார். (அந்தக் கேன் அதற்குப் பிறகு கேன்டீனுக்குத் திரும்பவில்லை. நான்தான் எழுதி நீக்கினேன்.) ரேவதி ஒரு டம்ளரில் பிடித்து, ஏணியில் ஏறி, வெள்ளியங்கிரியில் நூலின் மேல் மெல்ல ஊற்றினாள். அடுத்த டம்ளர். அடுத்தது. டம்ளர் பிடித்துக் கொடுப்பது என் வேலை.

ஒன்றும் தெரியவில்லை. ஈரக் கறுப்பு மேல் ஈரக் கறுப்பு. ஃபேன் காற்றில் துணி அசைந்தது. பிறகு, "மேடம், அங்க பாருங்க" என்றார் பழனிசாமி. மலை உச்சியில் ஒரு புள்ளி மின்னியது. பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூலிலிருந்து கண்ணாடி மயிர் முளைப்பதுபோல ஊசிகள் நீண்டன, கிளைத்தன, ஒன்றையொன்று தொட்டன. இந்த உப்பின் மூலக்கூறு எடை எனக்குத் தூக்கத்திலும் தெரியும். எந்த வெப்பநிலையில் படிகமாகும் என்று சொல்லுவேன். ஆனால் முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை! பழனிசாமி எவாப்பரேட்டரைக் கவனிக்க வேண்டியவர், வாயைப் பிளந்து நின்றார். நானும் அவரைப் போகச் சொல்ல மறந்து நின்றேன்.

ஒன்றேகாலுக்கு ஆறு பேரூர் தாண்டியது. சென்னை அம்மையாரைத் தினேஷ் அழைத்துவந்தான். பின்னால் பார்வையாளர் கூட்டம். பதிவேட்டில் கையெழுத்து, தலைக்கு மஞ்சள் ஹெல்மெட், ஒரு தடவைக்கு இருபது பேர். அம்மையார் ஹெல்மெட்டோடு துணிக்கு நெருக்கமாக முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ரேவதி திரும்பிப் பார்க்கவில்லை. சூலூரில் இருந்தாள். பிறகு மங்கலம். ஏணியிலிருந்து இறங்கி, நின்றுகொண்டே திருப்பூர். கூட்டத்தில் இருந்த பனியன் கம்பெனிக்காரர்கள் தங்கள் யூனிட் இருக்கும் இடத்தைத் தேடிக் காட்டிக்கொண்டார்கள். "எங்கூடு இங்கதானுங்க, இந்த வளைவுல" என்றார் ஒருவர், யாரும் கேட்காமலே.

மணி இரண்டேகால். அம்மையார் தினேஷைத் தள்ளி அழைத்துப் போய்ப் பேசினார். ஐஸ் கட்டி ஒன்று, குடங்கள் ஒன்று என்று காதில் விழுந்தது. "மூணாவது இதுதான். அவங்க வேலையா இருக்காங்க, தொந்தரவு பண்ண வேணாம். நீங்க சொல்லிடுங்க. நான் கிளம்பணும்" என்றார். ஹெல்மெட் பட்டையைக் கழற்றிக்கொண்டே வாசலைப் பார்த்து நடந்தார்.

என்னால் அடக்க முடியவில்லை. "ரேவதி! உன்னோடத எடுத்துட்டாங்க கண்ணு!"

அவள் வலது மூலையில், தரையோடு தரையாகக் குந்தியிருந்தாள். கையில் டம்ளர். திரும்பவே இல்லை.

"சத்தம் போடாதீங்க மேடம், கை ஆடுது. காவிரிக்கு இன்னும் ரெண்டு மொழம் இருக்குது. அவியள இருக்கச் சொல்லுங்க. சேர்றதப் பாக்காம போனா எப்படீங்க?"

வாசலில் அம்மையார் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பட்டையை மறுபடியும் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டு திரும்பி வந்து, ஓர் உப்பு மூட்டையின் மேல் வசதியாக உட்கார்ந்தார்.

மூட்டைகளின் மேல் யாரும் உட்காரக் கூடாது. இரண்டாவது கோப்பு, பதினேழாம் பக்கம். நான் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தேன்.